குந்தி எழும்பிய கால்

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டரை வெட்டி எடுத்தபோது என் வலது காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொடை இருந்த இடத்தில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தையல்காரி. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கட்டிலில் காலை நீட்டி, முழங்கால் சிரட்டையிலிருந்து ஒரு சாண் மேலே அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்தேன். இடது தொடைக்கும் வலது தொடைக்கும் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே வித்தியாசம் இருந்தது. பதினெட்டு வருசமாக மற்றவர்களின் உடம்பை அளந்தவள், என் காலை அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டி வைத்தேன்.

அது சமாதானக் காலம் என்று பேர் வைத்திருந்த காலம். பேர்தான். சந்திக்குச் சந்தி யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சந்தையில் நூலும் ஊசியும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது யாரோ யாருக்கோ எறிந்த குண்டின் துண்டொன்று என் முழங்கால் சிரட்டையில் பட்டது. எறிந்தது ஆர், எறிபட இருந்தது ஆர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிளாஸ்டர் வெட்டி இரண்டு கிழமை போகவில்லை, கடல் வந்தது. எங்கள் வீடு நாவற்குடாவில், வாவிப் பக்கம். என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. தண்ணீர் எங்களிடம் வரவில்லை. சனம் ஓடி வந்ததுதான் வந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஓட ஏலாது. என் கணவர் எதிர்த்திசையில் கல்லடிக்கு ஓடினார். அங்கேதான், கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில், அவருடைய தாயும் தங்கச்சியும் இருந்தார்கள். மாமியின் உடலை அடுத்த நாள் எடுத்தார்கள். மச்சாள் இடிந்த சுவரின் கீழே உயிரோடு கிடந்தாள். வலது தொடை எலும்பு முறிந்திருந்தது.

மச்சாளின் புருசன் கட்டாரில். அவளுடைய வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து அவள் என் வீட்டுக்குத்தான் வந்தாள். என் கணவர் அவளைத் தூக்கி வந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தினார். தாயைப் பறிகொடுத்த மனுசன், தங்கச்சியைப் பார்த்துப் பார்த்து அழுதார். நான் சமையலறையில் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்று கஞ்சி காய்ச்சினேன். அப்போது எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பக்கக் கால் என்று மட்டும் நினைத்தேன்.

சில மாதம் போக, கல்லடியில் வெளிநாட்டுக் காசில் ஒரு பயிற்சி நிலையம் திறந்தார்கள். கால் கை பழுதானவர்களுக்கு எக்ஸசைஸ் சொல்லிக்கொடுக்கும் இடம். கணவர் இரண்டு பேரையும் பதிய ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் என்னிடம் சொன்னார், "சுனாமியில பட்டதெண்டு சொல்லு."

பதிவு மேசையில் இருந்த பெண்பிள்ளை நல்ல பிள்ளை. மச்சாளின் விவரத்தை எழுதிவிட்டு என்னுடைய ஆஸ்பத்திரி மட்டையை வாங்கிப் பார்த்தாள். மட்டையில் திகதி இருந்தது. குண்டுக் காயம் என்றும் இருந்தது.

"அக்கா, இது கடல் வாறதுக்கு முதல் பட்ட காயம்."

"ஓம்."

"இந்தத் திட்டம் சுனாமியில பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு மட்டும்தான். குறை நினைக்காதீங்க அக்கா. எங்களால எடுக்க ஏலா."

நான் மட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கணவர் வெளியே வந்து சொன்னார், "அந்த மட்டையக் காட்டாம இரிந்திருக்கலாமே. உனக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாதா?"

மட்டையைக் கேட்டு வாங்கினார்களே என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மச்சாளை ஆட்டோவில் ஏற்றுவதில் கவனமாக இருந்தார்.

அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் போகும் வழியில் கணவர் அவளை மோட்டார் சைக்கிளில் இறக்கிவிடுவார். மேசன் வேலை, அந்த நேரம் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. பகலில் நிலையத்து வான் அவளைக் கொண்டுவந்து விடும். நான் வீட்டில் இருப்பேன். தையல் மெஷினை மிதிக்க முடியாமல், கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தைப்பேன்.

மச்சாள் கெட்டவள் இல்லை. அதை எழுதாவிட்டால் நான் எழுதுவதில் நீதி இல்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் ஒரு கடதாசியை என் மடியில் போட்டாள். படம் கீறிய கடதாசி, வீட்டில் செய்யவேண்டியவை என்று அவளுக்குக் கொடுத்தது.

"எனக்கு அங்க மெஷின் இரிக்கு மச்சாள். இத நீங்க செய்யுங்க. உங்களுக்கும் அந்தக் கால்தானே."

அவளுடைய மெஷினைப் பற்றி அவள் நிறையச் சொல்லுவாள். இரும்புக் கதிரையில் இருத்துவார்களாம். கணுக்காலுக்கு முன்னால் பஞ்சு சுற்றிய கம்பி. அதைக் காலால் தூக்கி நீட்டவேண்டும். பின்னால் இரும்புத் தட்டுகள், பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். "தொடையின்ட முன்பக்கம் நெருப்பாட்டம் எரியும்" என்பாள். பெருமையாகத்தான் சொல்லுவாள். அவளுக்குப் பெருமைப்பட அந்த வருசம் வேறென்ன இருந்தது.

என் கடதாசியில் முதல் படம் மிக லேசானது. படுத்து, முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, அதை அமத்தி, குதிக்காலைத் தூக்குவது. இரண்டு கிழமை செய்தேன். தொடையில் ஒரு துடிப்பு வந்தது, அவ்வளவுதான். இரண்டாவது, மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. அது பிட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும் வேலை செய்தது. பாயில் படுத்து அதைச் செய்யும்போது யாரும் வந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொள்ளுவேன்.

மூன்றாவதுதான் என்னை அழவைத்தது. கை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்புவது, திரும்ப இருப்பது. முதல் நாள் ஒரு தரம்கூட முடியவில்லை. நல்ல கால் எல்லாப் பாரத்தையும் எடுத்துக்கொண்டது, கெட்ட கால் சும்மா கிடந்தது. பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. தைக்க வந்த துணிக் கட்டுகளை மடித்துக் கதிரையில் அடுக்கி இருக்கையை உயர்த்தினேன். உயரத்திலிருந்து எழும்புவது சுகம். கிழமைக்கு ஒரு மடிப்பை எடுத்தேன். காத்தான்குடிக் கடையிலிருந்து வந்த பாவாடைத் துணிக்கு மேலே இருந்து இருந்துதான் என் கால் திரும்பி வந்தது. அதில் தைத்த பாவாடையைக் கட்டினவர்களுக்கு அது தெரியாது.

அதோடு முன்வாசலில் மூன்று படி இருந்தது. கெட்ட காலை முதல் படியில் வைத்து ஏறி, அதே காலில் பாரம் போட்டபடி மெதுவாக இறங்குவேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடை நடுங்கும்.

பின்னேரங்களில் மச்சாளும் நானும் சேர்ந்து செய்யத் தொடங்கினோம். முன்னறை யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்குவோம். ஒருத்தி எண்ணுவாள், மற்றவள் பிழையாக எண்ணுகிறாய் என்பாள். மாமியைப் பற்றி அவள் பேசியது அந்த நேரத்தில்தான். சுவர் விழுந்தபோது தாயின் கை தன் கையில் இருந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே எண்ணிக்கையை விடாமல் செய்துகொண்டிருந்தாள். நானும் விடவில்லை. நிறுத்தியிருந்தால் இரண்டு பேரும் விழுந்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அளவு நாடாவை எடுப்போம். அவள் என் தொடையை அளப்பாள், நான் அவளுடையதை. முதல் மாதம் அவளுக்குத்தான் கூடியது. இரும்புத் தட்டு வென்றது என்று சிரித்தாள். மூன்றாம் மாதம் சமனாக வந்தது. பிறகு நான் முந்தினேன். நாடா மட்டும் சொன்னதில்லை அது. மெஷினில் இருந்தபடி அவள் தூக்கும் பாரத்தை என்னால் தூக்க முடிந்திராது, அது உண்மை. ஆனால் அவள் எங்கள் மூன்று படியில் ஏற என் தோளைப் பிடித்தாள். நான் தண்ணீர்க் குடத்தோடு ஏறினேன்.

நிலையத்திலிருந்து பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு நாள் மச்சாளைப் பார்க்க வீட்டுக்கு வந்தா. நான் கதிரையில் எழும்பி இருப்பதைக் கண்டு நின்று பார்த்தா. யார் சொல்லித்தந்தது என்று கேட்டா. உங்கள் கடதாசிதான் என்றேன்.

"மெஷின் தொடையின்ட முன்பக்கத்த மட்டும் தனியாப் பிடிச்சு வளர்க்கும்," என்று மச்சாளுக்கும் கேட்கத்தான் சொன்னா. "கதிரையில இருந்து எழும்பக்குள்ள முன்தொடை, பின்தொடை, பிட்டம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யிது. கீழ்க்காலும் உடம்பச் சாயாமப் பிடிக்குது. நடக்கிறதுக்கு அதுதான் தேவை. ரெண்டும் செய்தா நல்லது. ஒண்டு மட்டும்தான் எண்டா நான் கதிரையத்தான் சொல்லுவன்." பிறகு என் பக்கம் திரும்பி, "இருக்கக்குள்ள விழுந்து இருக்காதீங்க. மூண்டு எண்ணி இருங்க," என்றா.

மிஸ் போனபிறகு மச்சாள் சொன்னாள், "உங்களுக்கு எலும்பு முறியல்லத்தானே மச்சாள். சிரட்டையில துண்டு பட்டதுதானே."

அடுத்த ஞாயிறு அவள் அளக்க வரவில்லை. தலையிடி என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சண்டை திரும்பத் தொடங்கியதும் வெளிநாட்டுக்காரர் போய்விட்டார்கள். நிலையத்தைப் பூட்டினார்கள். மெஷின் எங்கே போனதென்று தெரியாது. மச்சாளுக்குச் சுனாமி வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. கொஞ்சம் நொண்டி நொண்டி நடந்தாலும், தடி இல்லாமல் தன் வீட்டுக்குப் போனாள்.

நான் விடவில்லை. கதிரையையும் விட்டு முழுதாகக் குந்தி எழும்பப் பழகினேன். டொக்டர் இந்தக் காலில் இனிக் குந்த முடியாது என்று சொல்லியிருந்தார். யன்னல் கம்பியைப் பிடித்துக் குந்தினேன், பிறகு பிடிக்காமல் குந்தினேன், பிறகு மண் நிரப்பிய கோதுமை மாப் பையை நெஞ்சோடு அணைத்துக் குந்தினேன். ஒரு காலை முன்னால் நீட்டி வைத்து மற்ற முழங்கால் நிலத்தைத் தொடுமளவு இறங்கும் பயிற்சியை வளவு மணலில் வேலி வரைக்கும் போய் வந்து செய்தேன். தையல் மெஷினைப் பழையபடி மிதித்தேன். இரண்டு தொடையும் ஒரே அளவுக்கு வந்ததோடு நிற்காமல் இரண்டும் சேர்ந்து பருத்தன. அந்த வருசங்களில் ஊரில் எல்லாம் பழுதாகிக்கொண்டு போனது. என் கையால் நல்லாய் வந்த ஒரே பொருள் என் கால்தான். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. கணவருக்கு அது வசதியாக இருந்தது. "உனக்குத்தான் சுகம் வந்திட்டே" என்று சொல்லித் தண்ணீர் அள்ளுவது, விறகு, மச்சாள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது எல்லாம் என் தலையில் விழுந்தன.

சண்டை முடிகிற காலம் கிட்டியபோது எங்கள் பக்கத்தில் சோதனைச் சாவடிகள் கூடிவிட்டன. ஒரு நாள் காலையில் நான் தைத்த உடுப்புகளைக் காத்தான்குடிக் கடைக்குக் கொடுக்கப் போனேன். மச்சாளும் பெருநாள் மலிவில் துணி எடுக்கவேண்டும் என்று கூட வந்தாள். சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களுக்குத் தனியாகத் தகரம் அடித்த ஒரு அறை.

என்னைத் தடவிப் பார்த்த சீருடைப் பெண் தொடையில் கையை வைத்ததும் நிறுத்தினாள். திரும்ப அமத்திப் பார்த்தாள். பாவாடையை உயர்த்தச் சொன்னாள். காயத்தின் தழும்பைக் கண்டாள். வெளியே எட்டிப் பார்த்து யாரையோ கூப்பிட்டாள். தமிழ் தெரிந்த இன்னொருத்தி வந்தாள்.

"இது என்ன காயம்?"

"குண்டு பட்டது. சந்தையில."

"இந்தக் கால் ஏன் இப்பிடி இரிக்கு? இயக்கத்தில எங்க ட்ரெயினிங் எடுத்த?"

"ட்ரெயினிங் இல்ல. கால் மெலிஞ்சு போய்ச்சு. வீட்ட எக்ஸசைஸ் செய்தன்."

"ஆர் சொல்லித் தந்த?"

நிலையத்தின் பேரைச் சொன்னேன். உங்கள் பேர் அங்கே பதிவில் இருக்குமா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எப்படி என்று கேட்டாள். கடதாசியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது.

"குந்து," என்றாள். குந்தினேன். "எழும்பு." எழும்பினேன். "திரும்ப." அவள் எண்ணவில்லை, நான்தான் மனதுக்குள் எண்ணினேன். பதினைந்தைத் தாண்டும்போது, விழுந்துவிடு, விழுந்தால் விட்டுவிடுவார்கள் என்று உள்ளே ஒன்று சொன்னது. கால் கேட்கவில்லை. அது மூன்று எண்ணி இறங்கி நேராக எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பதில் அவளே போதும் என்றாள். அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளியே என் மச்சாள் நிக்கிறா," என்றேன். "அவவுக்கு எல்லாம் தெரியும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் செய்தம். கேளுங்க."

மச்சாளைக் கூட்டி வந்தார்கள். அவள் நொண்டுவதைக் கண்டு முதலில் அவளைத்தான் கேட்டார்கள்.

"உங்கட காலுக்கு என்ன?"

"சுனாமி," என்றாள்.

கேட்டவளின் முகம் இளகியது. பக்கத்தில் இருந்த பலகை வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னாள். பிறகு என்னைக் காட்டினாள். "இவ வீட்ட எக்ஸசைஸ் செய்ததா?"

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. தன் கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது. இவ என்ட அண்ணன்ட பெஞ்சாதி. நான் வேற வீட்டதான் இரிக்கன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று அவள் பின்னால் தன்னைச் சமாதானப்படுத்தியிருப்பாள், முதல் இரண்டு சொல்லைத் தவிர. அவளை விட்டுவிட்டார்கள். பஸ் காத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸின் படியில் ஏற யாரோ ஒரு பெண் அவளுக்குக் கை கொடுத்ததைத் தகர அறையின் இடைவெளியால் பார்த்தேன். நான் தைத்த உடுப்புப் பொதி அந்த பஸ்ஸிலேயே போனது.

என்னை முகாமில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்வி, இடைக்கிடை குந்தி எழும்பச் சொல்லுவது. கணவர் ஆஸ்பத்திரி மட்டையைக் கொண்டுவந்தார். அதை வாசித்த அதிகாரி, "குண்டு பட்டதெண்டுதான் இதில இரிக்கு. எங்க நிண்டு பட்டதெண்டு இல்லையே," என்றார். கடைசியில் கிராம சேவகரும் கோயில் தலைவரும் வந்து கையெழுத்து வைத்துத்தான் விட்டார்கள். கிழமைக்கு ஒரு தரம் வந்து நானும் கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்கள்.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன கிழமை நான் கையெழுத்துக்குப் போனேன். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கொடி கட்டிய லொறியில் வந்தவர்கள் நிரையில் நின்ற எங்களுக்கும் வெற்றிக்கென்று வாழையிலைத் துண்டில் பாற்சோறு தந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் அதை வாங்கித் தன் பையில் வைத்தாள். அவளுடைய மகன் கடைசிச் சண்டை நடந்த வன்னியில் நின்றவன் என்று பிறகு அறிந்தேன். நான் சாப்பிட்டேன். பசித்தது. அதற்காக நான் என்னை மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதற்குப் பிறகும் பல மாதம் கையெழுத்து நடந்தது. ஒரு நாள் மேசையில் இருந்தவன் இனி வரத் தேவையில்லை என்றான். ஏன் வரவேண்டும் என்று தொடக்கத்தில் யாரும் சொல்லாததுபோல, ஏன் வரத் தேவையில்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டில் கணவர் சொல்லிவிட்டார், "இனி அந்தக் குந்தி எழும்புறதெல்லாம் வேணாம். சனம் பாக்குது." சனம் உண்மையாகவே பார்த்தது. சட்டை தைக்கக் கொடுத்த சில பேர் வேறு தையல்காரியிடம் போனார்கள். அளவு எடுக்க நான் கிட்டப் போனால் சில பேர் விறைத்து நின்றார்கள். மண் பையைக் கிணற்றடியில் கொட்டினேன். ஆறு மாதத்தில் பாவாடைக்குள் கால் பழையபடி தளர்ந்தது. அளக்கவில்லை. அளக்காமலே தெரிந்தது.

அவர் தங்கச்சி சாவடியில் சொன்னதைப் பற்றிக் கணவரிடம் ஒரு தரம் கேட்டேன். "அவ பயந்திட்டா. அவளும் என்ன செய்வா?" என்றார். ஓம், பயந்திருப்பாள். நானும் அந்த அறைக்குள் பயத்தோடுதான் நின்றேன். ஆனால் அவள் பயந்ததை அவர் விளங்கிக்கொண்ட அளவுக்கு நான் நாற்பது தரம் குந்தியதை விளங்கிக்கொள்ளவில்லை.

மச்சாள் ஒரு வருசம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு கலியாணம், செத்தவீடு என்று கண்டுகொண்டோம். "சுகமா மச்சாள்?" "ஓம், சுகம்." இப்போது அவளுக்கும் வயது போய்விட்டது. உடைந்த காலில் முழங்கால் நோகத் தொடங்கியிருக்கிறது. தொடையைப் பலப்படுத்தாவிட்டால் இனி நடக்க முடியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். போன மாரி மழைக்கு முதல் ஒரு நாள் வந்து முன்னறையில் இருந்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மச்சாள், கதிரையில எழும்பி இருக்கிறதா நல்லம், படி ஏறுறதா நல்லம்?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று இத்தனை வருசம் நான் அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அந்தத் தகர அறை ஞாபகம் இல்லையா, ஞாபகம் இருந்துதான் கேட்கிறாளா என்று பிடிபடவில்லை. "முதல் கதிரை," என்றேன். "ஒரு மாதம் போகப் படி. படியில இறங்கிறதுதான் முக்கியம். மெஷினுக்கு ஆசைப்படாதீங்க."

இப்போது கிழமையில் இரண்டு நாள் காலையில் வருகிறாள். என் வீட்டுக் கதிரையில்தான் செய்கிறாள். நான் தைத்துக்கொண்டு பார்த்திருப்பேன். அவளுக்கு எழும்பும்போது முழங்கால் உள்பக்கம் சாயும். அப்படிச் சாய்ந்தால் மூட்டு இன்னும் தேயும், நோ கூடும். "முழங்கால வெளியால பிடிங்க மச்சாள்" என்று சொல்லுவேன். சில நாட்களில் கண்டும் சொல்லாமல் இருந்துவிடுவேன்.